கியர் பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போதே...

தலைப்பைப் பார்த்ததும், சாம்பார் பொடி விசாரிக்கவும் ரயில் ரிசர்வேஷன் புலம்பலுக்கும் மட்டுமே இந்தப் பக்கம் வரும் தங்கமணிகள் ஓடிவிட வேண்டாம். டிசம்பர் லீவில் குழந்தை குட்டி, மாமியார், ஊறுகாய் ஜாடி சகிதம் கொல்கத்தாவிலிருந்து காரிலேயே ஊருக்குப் போய்விடலாம் என்று உங்கள் ரங்கமணி கிளப்பி விட்டால், இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்த ஊரில் இருக்கும் நம்மவர்கள் சிலர் இன்னும் பழைய அம்பாசடரை விடாப்பிடியாக வைத்திருக்கிறார்கள். மாமனார் ஓட்டியது, அப்பா ரிட்டயர் ஆனபோது வாங்கியது என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கதை உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உத்தர்பாராவில் பிறந்த வண்டி. 2014 மே மாதத்தோடு தயாரிப்பு நின்றுபோனாலும் இந்த ஊரில் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. மஞ்சள் டாக்சிகள் வயதாகி ஒவ்வொன்றாகக் கழிய, மல்லிக் பஜாரில் குடைந்தால் கதவுக் கைப்பிடியிலிருந்து கிரவுன் வீல் வரை கிடைக்கும்.

பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு நாலே கியர். பாலிகஞ்சிலிருந்து கரியாஹாட் போக அது தாராளம். ஆனால் என்ஹெச் 16-ல் ஏறி பாலேஸ்வர், புவனேஸ்வர், விசாகப்பட்டினம், நெல்லூர் என்று 1,600 கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்கு ஓட்டிப் பாருங்கள். 80-ஐத் தொட்டதுமே எஞ்சின் போடும் கூச்சலில் பின் சீட்டில் இருப்பவர் பேசுவது முன் சீட்டுக்குக் கேட்காது. அதனால்தான் ஐந்து கியர் பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொள்ளும் ஆசை வருகிறது. 1990-களில் இசுசூ எஞ்சினோடு வந்த அம்பாசடர்களில் இருந்ததைத் தேடுகிறவர்கள் உண்டு, வேறு வண்டியின் பெட்டியைத் தேடுகிறவர்களும் உண்டு. நியாயமான ஆசைதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த வேலையைப் பற்றி நம்மவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கியர் பாக்ஸ் என்ன விலை, அடாப்டர் பிளேட் யார் செய்தது, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை எவ்வளவு வெட்டினார்கள், ஸ்டியரிங் பக்கத்துக் கியர் கம்பியைத் தரைக்குக் கொண்டுவர எங்கே ஓட்டை போட்டார்கள் என்று எல்லாம் வரும். பைலட் பேரிங் என்ற பெயர் மட்டும் ஒருவர் வாயிலும் வராது. என் கட்சி என்னவென்றால், அந்த ஒரு சாமான் புதிதாக, அளந்து, உங்கள் கண் முன்னால் போடப்படும் வரை கியர் பாக்ஸை மேலே ஏற்ற விடாதீர்கள். அதற்காக ஒரு நாள் தாமதமானாலும் சரி, மிஸ்திரி முகம் சுளித்தாலும் சரி.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு: பாட்டி வீட்டுப் பழைய கதவு ஞாபகம் இருக்கிறதா? கீல் கிடையாது. கதவின் அடியில் ஒரு குடுமி, அது உட்கார ஒரு குழி. குழி தேய்ந்துவிட்டால் கதவு சாயும், தரையை உரசும், கூப்பாடு போடும். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை கியர் பெட்டிக்குள் கொண்டுபோவது கிளட்ச் ஷாஃப்ட். அதன் பின்பாதியை கியர் பெட்டியின் பேரிங் தாங்குகிறது. முன்நுனி ஒல்லியாக நீண்டு, கிளட்ச் பிளேட்டைத் தாண்டி, கிராங்க் ஷாஃப்டின் பின்புறக் குழிக்குள் போய் உட்காருகிறது. அந்தக் குழியில் இருக்கும் மோதிரம்தான் பைலட் பேரிங். அம்பாசடரின் பழைய எஞ்சினில் அது பந்து வைத்த பேரிங் கூட இல்லை, வெறும் வெண்கல புஷ். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். (முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் இந்தச் சமாச்சாரமே கிடையாது, ஷாஃப்டை கியர் பெட்டியே இரண்டு இடத்தில் தாங்கிக்கொள்ளும். பழைய அம்பாசடர், பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் தொடர்ந்து படிக்கவும்.)

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. சாதாரணமாக வண்டி ஓடும்போது இந்த புஷ்ஷுக்கு வேலையே இல்லை. கிளட்ச் பிடித்திருக்கையில் கிராங்கும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன, நடுவில் இருக்கும் புஷ் சும்மா கூடவே சுற்றுகிறது. நீங்கள் கிளட்ச்சை மிதிக்கும்போதுதான் அதற்கு டியூட்டி ஆரம்பம். எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்க, ஷாஃப்ட் வேகம் குறைந்து நிற்க வேண்டும். சிக்னலில் கியரைப் போட்டு கிளட்ச்சை மிதித்தபடி நிற்கிறோமே, அப்போதுதான் அதற்கு முழு உழைப்பு. கொல்கத்தா டிராஃபிக்கில் அந்த உழைப்பு எவ்வளவு என்று நான் சொல்லவா வேண்டும்.

அதனால்தான் இதில் ஏமாறுவது சுலபம். பழைய புஷ்ஷையே விட்டுவிட்டாலும், ஏன், புஷ்ஷே இல்லாமல் மாட்டினாலும், வண்டி கராஜை விட்டு ஜோராகக் கிளம்பும். டெஸ்ட் டிரைவில் ஒன்றும் தெரியாது. மாதங்கள் போன பிறகு ரிவர்ஸ் போடும்போது 'கர்ர்ர்' என்று அலறும். தாங்க ஆளில்லாமல் நுனி ஆடிய ஆட்டத்தில் கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் தேயும், கியர் பெட்டியின் முன் பேரிங் சத்தம் போடும். காய்ந்த புஷ் நேர்மாறாகச் செய்யும்: ஷாஃப்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கிளட்ச்சை முழுசாக மிதித்தாலும் விடாது. வண்டி மெல்ல நகரப் பார்க்கும், முதல் கியர் விழ மறுக்கும். கராஜில் காட்டினால் கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் என்பார்கள், அடுத்த முறை கிளட்ச் பிளேட் போய்விட்டது என்பார்கள்.

டாலிகஞ்சில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இதேதான் நடந்தது. ஐந்து கியர் போட்டு நாலாவது மாதம், குடும்பத்தோடு பாலேஸ்வர் தாண்டி ஒரு தாபாவில் நிறுத்தியவர் மறுபடி கிளப்ப முடியவில்லை. கியர் உள்ளே போகவே இல்லை. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் எல்லாம் அங்கேயே புதிதாகப் போட்டு, இரண்டு நாள் லாட்ஜில் இருந்து ஊர் திரும்பினார். பதினைந்தே நாளில் அதே கோளாறு. மூன்றாவது முறை பெட்டியை இறக்கியபோதுதான் ஒருவர் டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்திருக்கிறார். பழைய எஞ்சினின் புஷ், சொட்டு எண்ணெய் இல்லை. ஷாஃப்ட் நுனி சூட்டில் நீலம் பாரித்திருந்தது. நுனி போனால் ஷாஃப்டையே மாற்ற வேண்டும், ஷாஃப்டை மாற்ற கியர் பெட்டியை முழுசாகப் பிரிக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் முடியக்கூடிய புஷ்ஷுக்குக் கொடுத்த விலை இது.

உடனே மிஸ்திரிகளைத் திட்டக் கிளம்ப வேண்டாம். அம்பாசடரைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்து மாட்டக்கூடியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் கை வேலைக்கு நான் அடிமை. ஆனால் நாம் எப்படிக் கூலி பேசுகிறோம் என்று யோசியுங்கள். "மொத்தமாக எவ்வளவு?" என்று கேட்டு, அதிலும் ஆயிரம் ரூபாய் குறைத்து, "சனிக்கிழமைக்குள் வேண்டும்" என்று கெடு வைக்கிறோம். பழைய புஷ்ஷை எடுக்கவே அரை நாள் ஆகலாம். லேத்துக்கு இரண்டு தடவை நடக்க வேண்டும். அந்த அரை நாள் அவர் பாக்கெட்டிலிருந்து போகிறது, வெளியே தெரியவும் தெரியாது. அவர் "ஓட்டா லாக்பே நா, தாதா" என்கிறார். அது வேண்டியதில்லை என்று அர்த்தம். நாமும் மிச்சம் என்று தலையாட்டுகிறோம். நான் சொல்வது, புஷ் வேலைக்குத் தனியாகக் கூலி பேசிவிடுங்கள். கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். "நொதுன் புஷ் லாகான்" என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, அளவு. பெட்டியை மட்டும் இறக்கி அதே பெட்டியை ஏற்றுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, கடையில் கேட்டால் அதே புஷ் கொடுப்பார்கள். ஒரு எஞ்சினுக்கு வேறொரு வண்டியின் பெட்டியை மாட்டும்போது இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. கிராங்கின் குழி ஒரு அளவு, ஷாஃப்ட் நுனி இன்னொரு அளவு. புஷ்ஷின் வெளிவட்டம் எஞ்சினுக்கும் உள்வட்டம் கியர் பெட்டிக்கும் பொருந்த வேண்டும். கடையில் அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் லேத்தில்தான் கடைய வேண்டும். வெளியே இறுக்கமாக, தட்டினால்தான் உள்ளே போகும்படி இருக்க வேண்டும். உள்ளே நுனி சுழல ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி போதும். அடித்து இறக்கியதும் புஷ் அமுங்கி உள்வட்டம் ஒரு சுற்று சுருங்கும். அதனால் இறக்கிய பிறகு மறுபடி அளக்காமல் விடக்கூடாது.

எல்லோரும் மறப்பது நீளத்தை. அடாப்டர் பிளேட் 12 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கியர் பெட்டி மொத்தமும் அவ்வளவு பின்னால் தள்ளி உட்காரும். ஷாஃப்ட் நுனியும் அதே 12 மில்லிமீட்டர் பின்வாங்கும். அப்போது அது புஷ்ஷுக்குள் பாதிதான் போகும், அல்லது வாசலில் நின்று எட்டிப் பார்க்கும். புஷ்ஷை அதற்கேற்ற நீளத்தில், பின்பக்கம் நீட்டிக்கொண்டு வரும்படி செய்ய வேண்டும். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. நுனி அதிக நீளமாக இருந்து குழியின் அடியில் முட்டினால், போல்ட் முடுக்க முடுக்க கிராங்கையே முன்னால் தள்ளும். குழந்தை விளையாடும் களிமண்ணைக் கொஞ்சம் குழிக்குள் வைத்து, கிளட்ச் போடாமல் ஒரு தடவை பெட்டியை வெறுமனே ஏற்றி இறக்கிப் பாருங்கள். நுனி எவ்வளவு தூரம் போயிற்று, முட்டியதா என்று களிமண் சொல்லிவிடும்.

எதில் செய்வது? கம்பெனி புஷ் பொதுவாகத் துளைகள் கொண்ட வெண்கலம். தூளாக்கி அழுத்திச் செய்தது, ஸ்பாஞ்ச் மாதிரி எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அதில் இரும்புத் தூள் கலந்திருக்கிறது, எனக்கு அது வேண்டாம். போடுவதற்கு முன் ஒரு ராத்திரி எஞ்சின் ஆயிலில் ஊறப்போட வேண்டும். அவசரமென்றால் ஒரு வாயை விரலால் மூடி, எண்ணெய் ஊற்றி, மறு வாயை இன்னொரு விரலால் அழுத்துங்கள். வெளிச்சுவரில் வியர்வை மாதிரி எண்ணெய் கசியும். இந்த வகைக்கு கிரீஸ் தடவக் கூடாது, துளைகள் அடைந்துவிடும். லேத்காரர் கன்மெட்டல் தடியிலிருந்து கடைந்து கொடுப்பது வேறு ஜாதி. அதற்குள் எண்ணெய் இருக்காது, ஆகவே உள்ளே விரல் நுனியளவு கிரீஸ் அவசியம். அளவுக்கு மேல் போனால் சூட்டில் உருகி கிளட்ச் பிளேட்டில் தெறித்து வேறு தலைவலி. பித்தளையில் கடையச் சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்டர்நெட்டில் தேடினால் நீடில் ரோலர் பேரிங் போடு, அதுதான் அப்கிரேடு என்று ஒரு கூட்டம் சொல்லும். புதிய ஷாஃப்ட், கச்சிதமாக நேர்கோட்டில் இருக்கும் எஞ்சின் என்றால் சரி. மல்லிக் பஜாரில் எடுத்த பெட்டி, லோக்கலில் வெட்டிய அடாப்டர் பிளேட் என்னும்போது எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நீடில்கள் ஷாஃப்டின் மேலேயே உருளும், ஆகவே நுனி கடினமாகவும் வழவழப்பாகவும் இருந்தாக வேண்டும். அந்தப் பேரிங் உடைந்தால் நுனியைக் கடித்துத் துப்பிவிடும். வெண்கல புஷ் மெத்து; கோணல் கொஞ்சம் இருந்தாலும் தானே தேய்ந்து கொடுத்துவிட்டு ஷாஃப்டைக் காப்பாற்றும். பழைய வண்டிக்குப் பழைய வழிதான் சரி.

"பழசை எடுத்தால் கிராங்க் குழி கீறிவிடும்" என்று சில மிஸ்திரிகள் சொல்வார்கள். உளி வைத்துக் கொத்தினால் கீறும்தான். புல்லர் இல்லாவிட்டால் குழியை கிரீஸால் நிரப்பி, புஷ்ஷின் துளைக்குச் சரியாக நுழையும் ஒரு இரும்புத் தடியை உள்ளே வைத்துச் சுத்தியலால் போடுவார்கள். கிரீஸுக்குப் போக வேறு வழியில்லை, புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வரும். நனைத்த செய்தித்தாளைத் திணித்தும் இதைச் செய்யலாம், சுத்தம் செய்வது சுலபம். கிரீஸ் தெறிக்கும், நல்ல சட்டையோடு பக்கத்தில் நிற்காதீர்கள் :-)

புதுசைப் போடும்போது குழியைத் துடைத்து, புஷ்ஷை இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கொஞ்சம் சுருங்கியிருக்கும். (தங்கமணி அனுமதி பெறுவது அவரவர் பொறுப்பு. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கவும்.) நேராக நிறுத்தி, புஷ்ஷின் முகம் முழுக்கப் படும்படி ஒரு தடியை வைத்துத் தட்ட வேண்டும். சுத்தியல் நேரடியாகப் படக்கூடாது. பந்து பேரிங் வகை என்றால் அடி வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். பிறகு, கியர் பெட்டியிலிருந்து கழற்றிய ஷாஃப்டோ அதே அளவு நுனி கொண்ட டம்மி ஷாஃப்டோ, கையால் நுழைத்துச் சுற்றிப் பாருங்கள். விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், ஆடக்கூடாது. இந்த நிமிடத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஆபீசில் அரை நாள் லீவு போட்டாவது இருங்கள்.

அப்புறம் பெட்டியை ஏற்றும் விதம். புது புஷ் போட்டு அதைப் பத்தே நிமிடத்தில் கெடுப்பதும் இங்கேதான். கிளட்ச் பிளேட்டை டம்மி ஷாஃப்ட் வைத்து நடுவில் நிறுத்தியிருந்தால் கியர் பெட்டி தானாக வழுக்கிக்கொண்டு போய் எஞ்சினோடு முகம் ஒட்டும். ஒரு அங்குலம் இடைவெளி நிற்கிறது, போல்ட்டை முடுக்கி இழுத்துவிடலாம் என்று ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த போல்ட் இழுப்பில்தான் புஷ் நசுங்கும். பெட்டியின் எடை முழுவதையும் ஷாஃப்டின் மேல் தொங்கவிட்டு டீ குடிக்கப் போவதும் அதே பாவம். அடியில் ஜாக் இருக்க வேண்டும். எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே இடம் சொல்லும் டவல் பின்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடாப்டர் பிளேட் செய்பவர்கள் போல்ட் ஓட்டைகளை மட்டும் போட்டுவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள். போல்ட் ஓட்டையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் உண்டு, நடுப்புள்ளி நகர்ந்துவிடும். டயல் கேஜ் வைத்து நடுத்துளையைச் சுற்றிப் பார்த்தால் மொத்த விலகல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. டயல் கேஜ் எல்லாக் கராஜிலும் இருக்காது, லேத்காரரிடம் இருக்கும்.

ஏற்கெனவே மாற்றி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வீட்டு வாசலிலேயே காது கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். எஞ்சின் ஐடிலில், நியூட்ரலில், கிளட்ச்சை மிதிக்காமல் இரைச்சல் வந்து, மிதித்ததும் நின்றால் கியர் பெட்டியின் முன் பேரிங் மேல் சந்தேகப்படுங்கள். பெடலில் காலை லேசாக வைத்த உடனே சத்தம் ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங். முழுசாக மிதித்து, கியரைப் போட்டு, வண்டி நிற்கையில் மட்டும் கீச்சிட்டால் நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆசாமியாக இருக்கலாம். காது மட்டும் தீர்ப்பு சொல்லாது, ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும்.

வேலை முடிந்த கையோடு சென்னைக்குக் கிளம்பாதீர்கள். முதலில் ஒரு மாதம் ஊருக்குள் ஓட்டுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தீகா போய்க் கடல் பார்த்துவிட்டு வாருங்கள். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறதா என்று சூடான எஞ்சினில் பாருங்கள். கழற்றிய பழைய புஷ்ஷை மிஸ்திரியிடம் கேட்டு வாங்கி, எந்த அளவில் புதுசு கடைந்தீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி, ஆர்சி புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். ஓங்கோல் பக்கம் எங்காவது நின்றுபோனால், தெலுங்கு தெரியாவிட்டாலும் அந்தச் சீட்டை லேத்காரரிடம் நீட்டலாம்.

டிஸ்கி: பெட்டியோடு எஞ்சினையும் மாற்றுகிறவர்கள் கவனிக்க. எஞ்சின் எண் ஆர்சி-யில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும், அதைப் புத்தகத்தில் ஏற்றவும் வேண்டும். மல்லிக் பஜாரில் எஞ்சின் வாங்கினால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.